உங்க ஸ்கூலோட ரிப்போர்ட் கார்டை எடுக்குறது, படிக்கிறது, பெத்தவங்க எல்லார் கண்ணுலயும் படுற மாதிரி வைக்கிறது எப்படி

வருஷா வருஷம் செப்டம்பர் 30-ம் தேதிய கணக்கா வெச்சு நாட்டுல இருக்குற ஒவ்வொரு ஸ்கூலும், கவர்மென்ட், கார்ப்பரேஷன், எய்டட், மெட்ரிக், சிபிஎஸ்இ எதுவா இருந்தாலும் சரி, தன்னப் பத்தி ஒரு நீளமான படிவம் நிரப்பி அனுப்புது. யூடைஸ் பிளஸ்னு சொல்வாங்க. எந்த க்ளாஸ்ல எத்தன பிள்ளைங்க, எத்தன டீச்சர், அவங்க என்ன படிச்சிருக்காங்க, எத்தன ரூம், எத்தன டாய்லெட், அதுல ஓடுறது எத்தன, லைப்ரரில எத்தன புக்கு, மானியம் எவ்ளோ வந்துச்சு, எவ்ளோ செலவாச்சு, இப்படி எல்லாம் அதுல இருக்கு. இதுல இருந்து எடுத்த ஸ்கூல் ரிப்போர்ட் கார்ட யார் வேணும்னாலும் நெட்ல பாக்கலாம், லாகின் வேணாம், பைசா வேணாம்.

நான் வடசென்னைல ஒரு கார்ப்பரேஷன் ஸ்கூல்ல பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், என் பொண்ணு அங்கதான் படிக்கிறா. எங்க குழுவுல இருக்குற அம்மாக்கள்ல முக்கால்வாசி பேருக்கு இப்படி ஒரு கார்டு இருக்குறதே தெரியாம இருந்துச்சு. தெரிஞ்சதுக்கு அப்புறம் கூட்டத்துல அவங்க பேசுற விதமே மாறிடுச்சு, கையில ஒரு பேப்பர் இருந்தா கேள்வி தானா வருது. அதனாலதான் இத எழுதுறேன். குழுவுல இருக்குறவங்க, சும்மா பெத்தவங்களா இருக்குறவங்க, தலைமையாசிரியர்ங்க யாரு படிச்சாலும் உபயோகப்படும்.

மொதல்ல கார்டை எடுங்க

ஒவ்வொரு ஸ்கூலுக்கும் 11 இலக்கத்துல ஒரு யூடைஸ் நம்பர் இருக்கும். மொத ரெண்டு நம்பர் மாநிலம், தமிழ்நாடுன்னா 33, அடுத்த ரெண்டு மாவட்டம், சென்னைக்கு 02, அதனால நம்ம ஸ்கூல்ங்க பெரும்பாலும் 3302-னு ஆரம்பிக்கும். நிறைய ஸ்கூல்ல பேர் பலகையிலயே பெயின்ட்ல எழுதியிருப்பாங்க, இல்லேன்னா ஆபீஸ்ல கேட்டா ஒரு நிமிஷத்துல சொல்லிடுவாங்க, இது ரகசியம் கிடையாது.

யூடைஸ் பிளஸ் தளத்துல 'நோ யுவர் ஸ்கூல்'னு ஒரு பகுதி இருக்கு, கூகுள்ல அந்த பேர போட்டாலே மேல வந்துரும். அதுல நம்பர போட்டு தேடுங்க. நம்பர் இல்லேன்னா ஸ்கூல் பேர வெச்சும் தேடலாம், ஆனா பேர வெச்சு தேடுறது கஷ்டம், ஏன்னா இங்கிலீஷ்ல எழுத்துக்கூட்டு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், 'சென்னை நடுநிலைப் பள்ளி'னு ஊர் பூரா இருக்கு. அம்பத்தூர், மாதவரம், ஆலந்தூர், சோழிங்கநல்லூர் பக்கம் இருக்குறவங்க சென்னை மாவட்டத்துல தேடி கெடைக்கலேன்னா திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டுன்னு மாத்தி பாருங்க, அந்தப் பகுதியெல்லாம் மாவட்டத்துக்குள்ள வந்தது 2018லதான்.

கார்டு வந்ததும் ஒரு வருஷத்தோடது மட்டும் எடுக்காதீங்க. கடைசி மூணு வருஷத்தையும் டவுன்லோட் பண்ணி பிரின்ட் எடுங்க. ஒரு வருஷ கார்டுல இருந்து பெருசா ஒண்ணும் புரியாது, பக்கத்துல பக்கத்துல வெச்சு பாக்கும்போதுதான் விஷயம் வெளிய வரும். போன் ஸ்க்ரீன்ல பாத்தா எழுத்து பொடியா இருக்கு, ஜெராக்ஸ் கடையில குடுத்தா கொஞ்ச ரூபாதான் ஆகும், பேப்பர்லயே பாருங்க.

எந்த வரிய பாக்கணும்

கார்டுல இருக்குற எல்லாத்தையும் படிக்க வேணாம், தலை சுத்தும். நான் மொதல்ல பாக்குறது டீச்சர் எண்ணிக்கை. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அஞ்சாவது வரைக்கும் இருக்குற ஸ்கூல்ல 60 பிள்ளைங்க வரைக்கும் ரெண்டு டீச்சர், 61ல இருந்து 90 வரைக்கும் மூணு, 91ல இருந்து 120 வரைக்கும் நாலு, 121ல இருந்து 200 வரைக்கும் அஞ்சு டீச்சர் இருக்கணும், 150 தாண்டினா அந்த அஞ்சு பேர் போக தலைமையாசிரியர் தனி. ஆறுல இருந்து எட்டு வரைக்கும் 35 பிள்ளைங்களுக்கு ஒருத்தராவது வேணும். உங்க ஸ்கூல் பிள்ளைங்க எண்ணிக்கைய இதோட வெச்சு பாருங்க. இங்க ஒரு விஷயம், கார்டுல அஞ்சு டீச்சர்னு இருக்கும், ஆனா அதுல ஒருத்தர் மாற்றுப்பணில வேற ஸ்கூலுக்கு போயிருப்பாரு, இன்னொருத்தர் நீண்ட லீவுல இருப்பாங்க. கார்டு பொய் சொல்லல, பேரு இந்த ஸ்கூல்லதான் இருக்கு, ஆனா க்ளாஸ்ல ஆள் இல்ல. அதனால "கார்டுல எத்தன பேரு"ங்கறதோட "இன்னிக்கு க்ளாஸ் எடுக்குறது எத்தன பேரு"னும் சேத்தே கேளுங்க.

அடுத்தது பிள்ளைங்க எண்ணிக்கை, இதுதான் எனக்கு ரொம்ப முக்கியம்னு தோணுற இடம், கொஞ்சம் பொறுமையா பாருங்க. மே மாசம் ஆனா சென்னைல எந்தத் தெருவுக்கு போனாலும் 'பத்தாம் வகுப்பில் 100 சதவீத தேர்ச்சி'னு ஸ்கூல் வாசல்ல பேனர் தொங்குது. சந்தோஷம்தான். ஆனா மூணு வருஷ கார்டையும் வரிசையா வெச்சு ஒரே பேட்ச் பிள்ளைங்கள பின்தொடருங்க: ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எட்டாவதுல எத்தன பேரு, போன வருஷம் ஒம்பதாவதுல எத்தன, இந்த வருஷம் பத்தாவதுல எத்தன. உதாரணத்துக்கு 62, 58, 44னு வந்தா, ஒம்பதாவதுக்கும் பத்தாவதுக்கும் நடுவுல அந்த 14 பிள்ளைங்க எங்க போனாங்க? வீடு மாத்தி போயிருக்கலாம், குடிசைப் பகுதிய காலி பண்ணி கண்ணகி நகர், பெரும்பாக்கம்னு மாத்தி குடுத்த வீட்டுக்கு குடும்பத்தோட போயிருக்கலாம், இது நம்ம ஊர்ல நெசமாவே நடக்குற விஷயம். ஆனா பாஸ் ஆக மாட்டான்னு நெனச்சு டிசி வாங்கிட்டு போகச் சொன்ன பிள்ளைங்களும் அதுல இருக்கலாம், வேலைக்கு போன பையன் இருக்கலாம், கல்யாணம் பண்ணி குடுத்த பொண்ணு இருக்கலாம். 44 பேர்ல 44 பேரும் பாஸ்ங்கற பேனர்ல இந்த 14 பேரு கெடையாது. குழு கூட்டத்துல இத ஒரு கேள்வியா வெச்சா, தலைமையாசிரியர் பேர் பேரா சொல்ல முடியும், அதுல ரெண்டு பிள்ளைங்கள திரும்ப கூட்டிட்டு வர முடிஞ்சாலும் கார்டு எடுத்த வேலை வீண் போகல.

அதே மாதிரி சதவீதத்த பாக்கும்போது மொத்தம் எத்தன பேர்னும் பாருங்க. 12 பேர் எழுதி ஒருத்தர் பெயில்னா 92 சதவீதம்னு வரும், 200 பேர் எழுதின ஸ்கூல்ல அதே 92 சதவீதம்னா 16 பிள்ளைங்க. ரெண்டையும் ஒரே மாதிரி பேசக்கூடாது.

பணம் வரிக்கு வருவோம். மத்திய அரசும் மாநில அரசும் சேந்து ஸ்கூல்களுக்கு பணம் குடுக்குற சமக்ர சிக்ஷா திட்டத்துல ஸ்கூல் மானியம்னு ஒண்ணு உண்டு, பிள்ளைங்க எண்ணிக்கைய பொறுத்து குடுப்பாங்க, 101ல இருந்து 250 பேர் வரைக்கும் இருந்தா 50,000 ரூபா, 251ல இருந்து 1000 வரைக்கும்னா 75,000, அதுக்கு மேல 1 லட்சம்ங்கறது விதிமுறை, அதுல குறைஞ்சது 10 சதவீதம் சுத்தம் சுகாதாரத்துக்கு செலவு பண்ணணும். 2024-25ல மத்திய அரசு தமிழ்நாட்டுக்கு இந்தத் திட்டத்துப் பணத்த நிறுத்தி வெச்சதுல பெரிய தகராறே நடந்துச்சு, அதனால அந்த வருஷ வரியில ஏதாவது குறைஞ்சு தெரிஞ்சா உடனே தலைமையாசிரியர சந்தேகப்பட்டுறாதீங்க, எப்போ எவ்ளோ வந்துச்சுன்னு பாஸ்புக்க காட்டச் சொல்லி பாருங்க. குழுவோட கணக்கு பாக்குறது நம்ம உரிமை மட்டும் இல்ல, கல்வி உரிமைச் சட்டம் 21-வது பிரிவுல குழுவுக்கு குடுத்திருக்குற வேலையே அதுதான்.

ஒண்ணு சொல்லிடுறேன், பிள்ளைக்கு படிக்க வருதாங்கறது இந்த கார்டுல இருக்காது. அதுக்கு தனியா கேக்கணும். அஞ்சாவது வரைக்கும்னா எண்ணும் எழுத்தும் திட்டத்துல அரும்பு, மொட்டு, மலர்னு பிள்ளைங்கள நெலை பிரிச்சு வெச்சிருப்பாங்க, எந்த க்ளாஸ்ல எத்தன பேர் இன்னும் அரும்புல இருக்காங்கன்னு எண்ணிக்கை மட்டும் கேட்டு வாங்குங்க. பேர் வேணாம்.

கார்ட கையில வெச்சுக்கிட்டு ஸ்கூல ஒரு சுத்து சுத்துங்க

இது இல்லாம மத்த எதுவும் பண்ணி பிரயோஜனம் இல்ல. எங்க ஸ்கூல்ல தலைமையாசிரியர், ஒரு டீச்சர், நாலஞ்சு அம்மாக்கள், நான் எல்லாரும் கார்டோட நடந்தோம். பொண்ணுங்க டாய்லெட் நாலு, நாலுமே ஓடுதுன்னு கார்டுல இருந்துச்சு. போய் பாத்தா ரெண்டுலதான் தண்ணி வருது. மூணாவதுல கதவுக்கு தாழ்ப்பாள் இல்ல, தாழ்ப்பாள் இருந்த எடத்துல ஒரு துணிய கிழிச்சு கட்டி வெச்சிருந்தாங்க, பிள்ளைங்களே கட்டினது. நாலாவத தொறந்தா வெளக்குமாறு, பக்கெட்டு, கால் ஒடஞ்ச ரெண்டு பெஞ்சு. இன்டர்வெல்ல பத்து நிமிஷத்துல அத்தன பொண்ணுங்களும் அந்த ரெண்டுக்குதான் வரிசைல நிக்குறாங்க. எங்க கூட வந்த ஒரு அம்மா, "அதான் எம்பொண்ணு காலைல இருந்து தண்ணியே குடிக்க மாட்டேங்குறா"ன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் யாரும் கொஞ்ச நேரம் பேசல.

தலைமையாசிரியர் மேடம் மேல கோவப்பட ஒண்ணுமில்ல, செப்டம்பர்ல நாலும் ஓடுச்சு, அதுக்கப்புறம்தான் மோட்டார் போச்சு, எழுதியும் குடுத்திருக்காங்க. கார்டுங்கறது அந்த ஒரு நாளோட நெலவரம், அவ்ளோதான். இந்த டேட்டா எல்லாத்தையும் எமிஸ்ல, அதாவது மாநில பள்ளிக்கல்வித் துறையோட டேட்டா தளத்துல, ஏத்துறதுக்கு டீச்சர்ங்க எவ்ளோ நேரம் உக்காருறாங்கன்னும் நான் பாத்திருக்கேன், அதனால சுத்தி பாக்க போகும்போது ஆய்வுக்கு வந்த ஆபீசர் மாதிரி போகாதீங்க, அவங்களையும் சேத்துக்கிட்டு போங்க. நாங்க பாத்தத அப்படியே தீர்மானமா எழுதி, பள்ளிக்கல்வித் துறையோட பெற்றோர் செயலில (ஆப்ல) ஏத்தி, குழுவுல உறுப்பினரா இருக்குற கவுன்சிலர் கையில ஒரு காப்பி குடுத்தோம். தலைமையாசிரியர் தனியா எழுதின லெட்டருக்கு அசையாத வேலை, பெத்தவங்க கையெழுத்து போட்ட தீர்மானத்துக்கு நடந்துச்சு.

இப்போ எல்லாருக்கும் காட்டுங்க

குழுல இருக்குற இருபது இருபத்தி நாலு பேருக்கு தெரிஞ்சா போதாது. அமெரிக்காவுல கலிஃபோர்னியா மாநிலத்துல 1988ல மக்கள் ஓட்டு போட்டு கொண்டு வந்த சட்டத்தால அங்க ஒவ்வொரு அரசுப் பள்ளியும் வருஷா வருஷம் பிப்ரவரி 1-ம் தேதிக்குள்ள இந்த மாதிரி ஒரு ரிப்போர்ட் கார்ட வெளியிட்டே ஆகணும், பேப்பர்ல வேணும்னு கேட்டா குடுக்கணும். இங்க டேட்டா இருக்கு, ஆனா அத எடுத்து பெத்தவங்க கையில குடுக்கற வேலைய யாராவது பண்ணாத்தான் உண்டு. அத குழு பண்ணலாம், தலைமையாசிரியர் பண்ணலாம், ரெண்டு பேரும் சேந்து பண்ணா ரொம்ப நல்லது.

டவுன்லோட் பண்ண கார்ட அப்படியே ஒட்டாதீங்க, அது இங்கிலீஷ்ல பொடி எழுத்துல இருக்கும், யாரும் நிக்க மாட்டாங்க. ஒரே ஒரு பக்கம், தமிழ்ல, பெரிய எழுத்துல புதுசா எழுதுங்க. இடது பக்கம் விஷயம், நடுவுல போன வருஷம், வலது பக்கம் இந்த வருஷம். பிள்ளைங்க, டீச்சர், டாய்லெட், குடிதண்ணி, சாய்வுதளம், வந்த பணம், செலவான பணம், பத்து வரிக்கு மேல போகாதீங்க. கீழ 'நேர்ல பாத்தப்போ'னு ஒரு கட்டம் போட்டு, பாத்த தேதியோட கண்டத எழுதுங்க. கார்டுல நாலு, நேர்ல ரெண்டுன்னா ரெண்டையும் எழுதுங்க, ஒண்ண மறைச்சா அடுத்த வருஷம் யாரும் நம்ப மாட்டாங்க. எந்த ஏரியாவோ அந்த ஏரியா பேச்சுலயும் ஒரு காப்பி வேணும், உருது மீடியம், தெலுங்கு மீடியம் பிள்ளைங்க இருக்குற ஸ்கூல் நம்ம கார்ப்பரேஷன்லயே இருக்கு, பீகார் ஒடிசாவுல இருந்து கட்டிட வேலைக்கு வந்தவங்க பிள்ளைங்களும் இப்போ நெறைய பேர் படிக்கிறாங்க, அவங்களுக்கு இந்தில யாராவது எழுதி குடுத்தா போதும்.

எங்க ஒட்டுறதுங்கறதுல இருக்கு பாதி வேலை. ஆபீஸ் ரூம் நோட்டீஸ் போர்டுல ஒட்டினா டீச்சர்ங்கதான் பாப்பாங்க. காலைல சாப்பாட்டுக்கு பிள்ளைய விட வர்றவங்களும், சாயங்காலம் கூட்டிட்டு போக கேட்டுகிட்ட நிக்கிறவங்களும் எங்க நிக்கிறாங்களோ அந்த சுவத்துல ஒட்டுங்க, கண்ணு மட்டத்துல, மழைல நனையாம ஒரு கவர் போட்டு. க்ளாஸ் வாட்ஸப் குரூப்ல போட்டோ எடுத்து போடுங்க, அதோட படிக்க வராதவங்களுக்கு ரெண்டு நிமிஷ வாய்ஸ் மெசேஜ்ல படிச்சும் அனுப்புங்க. எங்க குரூப்ல பேப்பரோட போட்டோவுக்கு வந்த பதில விட வாய்ஸ் மெசேஜுக்கு வந்த பதில்தான் அதிகம், நைட்டு வேலைக்கு போற அப்பாக்கள்லாம் கேட்டுட்டு கேள்வி அனுப்பினாங்க.

எத போடக்கூடாதுங்கறதும் முக்கியம். எந்த பிள்ளையோட மார்க்கும், பேரும், போட்டோவும் வேணாம், "ரெண்டு பேர்தான் பெயில்"னு கூட எழுதாதீங்க, சின்ன க்ளாஸ்ல அது யாருன்னு தெரு பூரா தெரிஞ்சுரும். பொதுத்தேர்வுல ரேங்க் அறிவிக்கிறதையே தமிழ்நாடு அரசு 2017ல நிறுத்திடுச்சு, நாம அத சுவத்துல திரும்ப கொண்டு வரக்கூடாது. டீச்சர் பேர் போட்டு குறை எழுதுறதும் கூடாது. இது ஸ்கூலோட கணக்கு, ஆளுங்களோட கணக்கு இல்ல.

பிரைவேட் ஸ்கூல்னா

யூடைஸ் கார்டு அவங்களுக்கும் இருக்கு, எடுக்குற விதமும் அதேதான். சிபிஎஸ்இ ஸ்கூலா இருந்தா இன்னொண்ணும் இருக்கு, அவங்க வெப்சைட்ல 'மேண்டேட்டரி பப்ளிக் டிஸ்க்ளோஷர்'னு ஒரு பக்கம் கண்டிப்பா இருக்கணும்னு போர்டு சொல்லியிருக்கு. அதுல பீஸ் விவரம், கடைசி மூணு வருஷ ரிசல்ட், டீச்சர் எண்ணிக்கை, பிள்ளைங்களுக்கு மனநல ஆலோசகர் இருக்காங்களா, பெற்றோர் சங்க உறுப்பினர் யாரு, கட்டிட சான்று, தீயணைப்பு சான்று, தண்ணி சுகாதார சான்று எல்லாம் இருக்கணும். லிங்க் இருக்குன்னு மட்டும் பாத்துட்டு வந்துறாதீங்க, தீயணைப்பு சான்றையும் கட்டிட உறுதி சான்றையும் தொறந்து எந்த தேதி வரைக்கும் செல்லும்னு பாருங்க. தேதி முடிஞ்சு போன பிடிஎஃப் அப்படியே கெடக்குறத நானே பாத்திருக்கேன். 2004 ஜூலை 16ல கும்பகோணத்துல தீயில 94 பிள்ளைங்கள பறிகுடுத்த மாநிலம் இது, அந்த ஒரு பேப்பர நாம லேசா எடுத்துக்கவே கூடாது.

பீஸ்க்கு 2009ல வந்த தமிழ்நாடு சட்டப்படி கட்டண நிர்ணயக் குழு இருக்கு, ஓய்வு பெற்ற ஐகோர்ட் ஜட்ஜ் தலைமைல, அவங்க உங்க ஸ்கூலுக்கு நிர்ணயிச்ச தொகைய குழுவோட வெப்சைட்ல பாத்துட்டு உங்க ரசீதோட ஒப்பிடுங்க. எய்டட் இல்லாத பிரைவேட் ஸ்கூலுக்கு மேலாண்மைக் குழு சட்டம் பொருந்தாது, அதனால கேக்குற இடம் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம்தான், நாலு பேரா சேந்து எழுத்துல கேளுங்க.

கேட்டும் காட்டலேன்னா

பெரும்பாலும் வாயால கேட்டாலே குடுத்துருவாங்க. குடுக்கலேன்னா கடைசியா தகவல் உரிமைச் சட்டம், 2005. வெள்ளத்தாள்ல தமிழ்ல எழுதினா போதும், 10 ரூபா கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டணும், வறுமைக்கோட்டுக்கு கீழ இருக்குறவங்களுக்கு அதுவும் வேணாம், 30 நாள்ல பதில் வரணும். கார்ப்பரேஷன் ஸ்கூல்னா ரிப்பன் பில்டிங்ல இருக்குற கல்வித் துறையோட பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்க, கவர்மென்ட் ஸ்கூல்னா மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு. பிரைவேட் ஸ்கூல் பத்தின விவரத்தையும், கல்வித் துறை சட்டப்படி அந்த ஸ்கூல்கிட்ட கேட்டு வாங்கக்கூடியதா இருந்தா, துறை வழியா கேக்கலாம். 'ஏன்', 'எதுக்கு'ன்னு கேள்வியா எழுதாதீங்க, ஆவணத்தோட பேர எழுதி நகல் கேளுங்க: 'இந்தக் கல்வியாண்டுக்கான பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தின் நகல்', 'பள்ளி மானிய வரவு செலவுப் பதிவேட்டின் நகல்', இப்படி. பதில் வரலேன்னா அடுத்த 30 நாளுக்குள்ள மேல்முறையீடு பண்ணலாம். நடுவுல சந்தேகம்னா பள்ளிக்கல்வித் துறையோட 14417 நம்பருக்கு போன் பண்ணுங்க, தண்ணி, டாய்லெட், கட்டிடம் மாதிரி கார்ப்பரேஷன் வேலைக்கு 1913, புகார் நம்பர மறக்காம குறிச்சு வெச்சுக்கோங்க, அடுத்த கூட்டத்துல அந்த நம்பரத்தான் மொதல்ல கேப்பாங்க.

எப்போ ஆரம்பிக்கிறதுன்னா, ஆகஸ்ட்லயே ஆரம்பிங்க. ஆகஸ்ட் கூட்டத்துல போன வருஷ கார்ட வெச்சு ஒரு சுத்து சுத்திட்டா, செப்டம்பர் 30க்கு தலைமையாசிரியர் புதுசா நிரப்பும்போது நீங்க பாத்ததும் அவங்க எழுதுறதும் ஒண்ணா இருக்கும். எங்க ஸ்கூல்ல இந்த வருஷம் படிவத்த அனுப்புறதுக்கு முன்னாடி மேடம் குழு அம்மாக்கள் ரெண்டு பேர கூப்பிட்டு பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு டாய்லெட் வரிய நிரப்பினாங்க.